பன்னிரண்டு சென்ட் தானம்

சாம்பசிவனுக்கு ஒரு தோட்டம் வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், இருபது சென்ட் போதும். நாலு தென்னை, இரண்டு மா, ஒரு நந்தியாவட்டை, நடுவில் ஓடு போட்ட ஓர் அறை. சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் முகத்திலும் விழிக்காமல் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக் கல்பாத்தி வீட்டில் அது நடக்காது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பாகப்பிரிவினையில் கொல்லை முழுவதும் தம்பிக்குப் போய்விட்டது. ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பதென்றாலும் தம்பி மனைவியிடம் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் முப்பத்துநாலு வருஷம் அவர் பார்த்த உத்தியோகமே நிலத்தைப் பற்றியதுதான். எழுபதில் கேரளத்தில் புதுச் சட்டம் வந்த பிறகு குடிகிடப்புக் கட்டுகளெல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போயின. பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டுக் கிடக்கிற ஏழைக்கு, குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் பாத்தியதை உண்டு என்றது அந்தச் சட்டம். எத்தனையோ பேருக்கு உத்தரவு நகல் எழுதின கை அது. தனக்கென்று ஒரு பிடி மண் இல்லையே என்று அந்தக் கைக்கு ஆத்திரம். ஆத்திரம் நியாயமானதுதான். அதை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் நியாயமில்லை.

எழுபத்துநாலில் ஓய்வு பெற்றதும், மனைவி பர்வதத்தையும் கூட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். கோபாலபுரத்தில் பார்த்த இடம் செக்போஸ்டுக்குப் பக்கம். லாரிக்காரர்கள் அடிக்கிற ஹாரனில் காக்கைகூட உட்காராது. இன்னொரு இடத்தில் நாற்பது அடி தோண்டியும் தண்ணீர் இல்லை. ஆறாவதாக நல்லேப்பிள்ளியில் நஞ்சப்பன் என்கிற விவசாயக் கவுண்டர் காட்டினதுதான் அந்த இருபத்திரண்டு சென்ட்.

வயலை ஒட்டின மேடு. அவரைப் பந்தல், முருங்கை, வாழை, வரிசை பிசகாமல் கனகாம்பரம், தண்ணீர் தளும்புகிற கிணறு. பர்வதம் பந்தலுக்கடியில் போய் நின்றவள் வெளியே வரவில்லை.

"ஏன்னா, இதுதான். வேற எங்கயும் போய்ப் பார்க்க வேண்டாம்."

பந்தலுக்குப் பின்னால் ஒரு குடிசை. அதிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி வந்து, மடி நிறைய அவரைக்காய் பறித்துப் பர்வதத்தின் பையில் போட்டாள். பழனாத்தாள் என்று பெயர் சொன்னாள். நஞ்சப்பனின் அப்பா காலத்தில் அங்கே குடிவைக்கப்பட்டவள். கிணறு, அவளும் செத்துப்போன அவள் புருஷனும் தோண்டினது. செடி கொடியெல்லாம் அவள் வைத்தது.

நஞ்சப்பன் சொன்ன விலை அநியாயத்துக்குக் குறைவு. ஏன் குறைவு என்று சாம்பசிவனுக்குக் குடிசையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இவள் ஒரு விண்ணப்பம் போட்டால் கிணற்றோடு பத்து சென்ட் போய்விடும். மிச்சம் இருக்கிற சரிவில் நாற்காலிகூட நேராக நிற்காது.

பர்வதம் பூப்பறிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் நஞ்சப்பனைத் தனியே அழைத்தார்.

"அவள் விண்ணப்பம் ஏதாவது போட்டிருக்காளோ?"

"அவளுக்கு அதெல்லாம் என்னுங்க சாமி தெரியும்? ஆனா நாளைக்கே எவனாச்சும் கொடி புடிச்சவன் வந்து சொல்லிக் குடுத்துட்டான்னா வம்புங்க. அதுக்குத்தானுங்க தள்ளிவிடப் பாக்கறேன்."

"உங்களுக்கு உதவாத நிலம் வேற எங்கயாவது கிடக்கறதோ?"

"கால்வாய்க்கு அந்தாண்ட பாறைமேடு இருக்குதுங்க. ஆடுகூட மேயாது."

"அதுல பன்னிரண்டு சென்ட் அவள் பேருக்கு தானம் எழுதிடுங்கோ. பத்து சென்டுக்கு மேல சொந்தமா நிலம் இருந்தா குடிகிடப்புக்காரி ஆக மாட்டாள். அப்புறம் இங்கே அவளுக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது."

நஞ்சப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அடியாளை வைத்துக் குடிசையைப் பிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முரடன் அவன். இப்படி ஒரு வழி அவனுக்கு ஏழு ஜன்மத்திலும் தோன்றியிருக்காது. படித்த மனுஷன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பத்திரம் இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. பழனாத்தாள் கைநாட்டு வைத்த கையோடு சாம்பசிவன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள்.

"எங்க வம்முசத்துலயே சொந்த மண்ணுன்னு இதுதானுங்க சாமி மொதல்ல. கவுண்டரு மனசைக் கரைச்சு நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்கன்னு சொன்னாரு. உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கோணும்."

அவர் கூசினாரா? கூசினார். ஆனால் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பர்வதம் கேட்டாள்: "அந்த மனுஷனுக்கு ஏது இத்தனை தாராளம்?"

சாம்பசிவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். கெட்டிக்காரத்தனத்தைக் கட்டின பெண்டாட்டியிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டுமே என்கிற அரிப்பு. சட்டத்தின் உட்பிரிவு முதல் எல்லாவற்றையும் விளக்கினார். பர்வதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலக்காட்டில் இறங்கினதும் சொன்னாள்.

"இத்தனை வருஷமா இல்லாதவாளுக்கு நிலம் எழுதிக் கொடுத்துண்டிருக்கேள்னு நினைச்சேன். எப்படிக் கொடுக்காம இருக்கறதுன்னு கத்துண்டிருந்திருக்கேள். அந்தத் தோட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்கோ."

சரியான ஆத்திரக்காரி, இரண்டு நாளில் தணிந்துவிடுவாள் என்று நினைத்தார். தணியவில்லை. அந்தப் பக்கம் அவள் எட்டிப்பார்க்கவே இல்லை.

தை மாதத்தில் பழனாத்தாள் குடிசையைத் தானே பிரித்து, ஓலையும் மூங்கிலுமாகத் தலையில் சுமந்து போனாள். போகும்போதும் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். அறை எழும்பிற்று, வேலி வந்தது, நாற்காலி வந்தது. சாம்பசிவன் காலை பஸ்ஸில் டிபன் கேரியரோடு வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். சந்தோஷமாக இருந்தாரா என்றால், இருந்தார். மனசாட்சி உறுத்தித் தூக்கம் போயிற்று என்றெல்லாம் சொன்னால் பொய். பந்தல் நிழலில் உண்ட மயக்கத்தில் நன்றாகவே தூங்கினார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் வேலிக்கு வெளியே பழனாத்தாள் வந்து நின்றாள். இடுப்பில் குடம். கறுத்து, வற்றிப்போயிருந்தாள்.

"சாமி, மேட்டுல பாறை ஒடையவே மாட்டேங்குதுங்க. கால்வாய்லயும் தண்ணி உடலை. வெச்ச செடியெல்லாம் போயிருச்சு, அது போவட்டும். குடிக்க மட்டும் இந்தக் கெணத்துல தெனமும் ரெண்டு கொடம் சேந்திக்கட்டுங்களா?"

எடுத்துக்கொள் என்று வாய் வரை வந்தது. அதற்குள் முப்பத்துநாலு வருஷ உத்தியோகம் குறுக்கே வந்து நின்றது. இன்றைக்கு இரண்டு குடம். வருஷக்கணக்கில் தினமும் வந்து எடுத்தால் அது வழக்கமாகும். வழக்கம் முற்றினால் பாத்தியதையாகும். வழிப் பாத்தியதை, தண்ணீர்ப் பாத்தியதை என்று எத்தனை வழக்குகளை அவர் பார்த்திருக்கிறார்!

"எனக்கென்னம்மா, கொடுக்கலாம். சட்டத்துல அதுக்கு இடமில்லை" என்றார்.

"அப்படீங்களா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாங்க தோண்டுன கெணறுதானேன்னு கேட்டுப்போட்டனுங்க. சாமி தப்பா நெனைக்காதீங்க. எனக்கு நெலம் வாங்கிக் குடுத்த மகராசன், தண்ணிக்கு மட்டும் இல்லீன்னா சொல்லுவீங்க? சட்டம் அப்படி இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒன்றுமில்லை. உள்ளபடியே நம்பித்தான் சொன்னாள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, வெயிலில் வந்த வழியே நடந்தாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சாம்பசிவன் எழுந்து போய் வேலிப் படலைச் சாத்தி, உள்பக்கமாகக் கயிறு போட்டுக் கட்டினார்.