போனுக்குத் தெரியும் சுவர்

கிளாட்வின் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். அப்படி என்ன தலைபோகிற அவசரமோ! இன்னும் கொஞ்ச நாள் வயிற்றுக்குள் பொறுத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அப்பா அல்போன்சுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் வந்த அன்று பையனுக்குப் பதினெட்டு முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வயது தாண்டியவன் தனியாக மனுப் போடட்டும் என்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மா ரோசாவும் தங்கை ஜாஸ்லினும் பாரிசுக்கு விமானம் ஏறினார்கள். முத்தியால்பேட்டை வீட்டுச் சாவி இவன் கையில் மிஞ்சியது. 'அவசரக்குடுக்கை' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டுவதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஒண்டியா சமாளிக்க முடியலன்னா சொல்லுடா, எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பும்போது அம்மா சொன்னாள். ரோசா சொன்னால் செய்கிறவள். அவள் திரும்பி வந்தால் ஜாஸ்லின் படிப்பு அம்போ. ஆகவே ஞாயிறுதோறும் வரும் வீடியோ கால் அவனுக்குப் பரீட்சை ஆயிற்று.

நெல்லித்தோப்பில் செல்போன் கடை வேலை. கேமராவுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அவனுக்கு அத்துப்படி. கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டான். படத்தைச் சுற்றி, போனுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். டப்பா அவ்வளவுதான் வந்தது என்று சொல்லிக்கொண்டான். முதுகு வளையவில்லை என்பதுதான் உண்மை. எதிர்ப்பக்கம் அழுக்குத் துணியும் பரோட்டாப் பார்சல் தாளும் குவிந்து கிடந்தன. ஆண்டவர் அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பின்னால் எப்போதும் பூப்போட்ட ஜன்னல் திரை ஒன்று தொங்கும். அதை விலக்கினால் பாரிசே தெரியும் என்று நினைத்து, இவன் பொறாமையில் வெந்து போவான்.

முதல்முறை வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கியபோது, மீன்காரி சின்னப்பொண்ணு சொன்ன விலையை அப்படியே கொடுத்து, தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டு வந்தான். சங்கரா மீன் சட்டியில் விழுந்ததும் கரைந்தே போயிற்று. ருசியாகத்தான் இருக்கிறது என்று தனக்கே பொய் சொல்லித் தின்றான். நாலாம் முறை செவுளைத் தூக்கிப் பார்த்தான். பத்தாம் முறை, "இன்னாக்கா, இது இன்னிக்குப் புடிச்சதா, ஈஸ்டருக்குப் புடிச்சதா?" என்று கேட்டான். அதற்கப்புறம் சின்னப்பொண்ணு அவன் தலையைக் கண்டாலே நல்ல மீனைத் தனியாக எடுத்து வைத்தாள்.

இரண்டாம் வருடம் டெங்கு வந்தது. ஞாயிறன்று மட்டும் எழுந்து, மேலே இஸ்திரிச் சட்டை, கீழே வேர்வையில் நனைந்த கைலி என்று நாற்காலியில் உட்கார்ந்தான். 'வந்துடும்மா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. "சூப்பரா இருக்கேம்மா" என்றான்.

"மொகத்துல நல்ல களை வந்துடுச்சுடா" என்று அம்மா பூரித்தாள்.

போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நம்பிவிட்டாளே என்று அவள் மேல் கோபம். நம்பும்படி நடித்த தன் மேல் அதைவிடக் கோபம். காய்ச்சல் விட்டு எழுந்து நடந்த முதல் நாளே அந்த அழுக்குத் துணியெல்லாம் துவைத்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் துவைத்தான்.

மூன்றாம் வருடம் ஆகஸ்டில், வக்கான்சு என்கிற கோடை விடுமுறைக்கு, ரோசா மட்டும் மூன்று வாரம் வந்தாள். இந்த மூன்று வாரமும் கரண்டியைத் தொடுவதில்லை, அம்மா கையால் தின்று குண்டாவது என்று கிளாட்வின் சபதம் எடுத்திருந்தான். வீடு முழுக்கப் பளிச்சென்று இருந்தது. சுவரைத்தான் மறந்துவிட்டான். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

"கிளாட்வின், புளி எங்கடா வச்சிருக்க?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். எடுத்துக் கொடுத்தான். உப்பு எங்கே என்றாள். இந்தப் புது அடுப்பு எப்படிப் பத்தும் என்றாள். பத்து நிமிடத்தில் கரண்டி அவன் கையில் இருந்தது. அம்மா கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். போச்சுடா சபதம்!

குழம்பு கொதிக்கும்போது கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தான். பழுத்துப்போன மஞ்சள் சுவரின் நடுவில் இருந்த வெள்ளைச் சதுரத்தை அம்மா தடவிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாடா?"

சமாளிக்க வாயைத் திறந்தான். பொய் வரவில்லை. "போனுக்குத் தெரியற எடம்மா. டெங்கு வந்தப்பகூட இங்கதான் உக்காந்து பேசினேன்."

ரோசாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் அங்க போகலடா. இங்கயே இருந்துடறேன்."

"வேணாம்மா. அப்ப சொன்னது பொய்யி. இப்ப நெஜமாவே சமாளிக்கிறேன். கொழம்ப ருசி பாத்துட்டு அப்புறம் சொல்லு."

கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான். ருசி பார்த்தாள். ஒன்றும் குறை சொல்ல அகப்படவில்லை போல. கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பின்னாடி பூப்போட்ட தெர தொங்குமே, பாத்திருக்கியா?" என்றாள்.

"ஜன்னல் தெரதானே?"

"அந்த ரூமுல ஜன்னலே இல்லடா."

தன்னை என்னவோ பெரிய நடிகன் என்று நினைத்திருந்தவனுக்கு, அது யார் கொடுத்த ரத்தம் என்று அப்போதுதான் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.