ஜாலி பெரியப்பாவின் வெள்ளைப் பானை

மனித நாகரிகம் பிறந்தது அடுப்படியில்தான். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த அன்றே மனிதன் பகையை மறந்து உறவைக் கற்றுக்கொண்டான். அந்த அடுப்படி செருப்புப் பெட்டி அளவுக்குச் சுருங்கியதும், பல் டாக்டர் தன் சகலை போன் செய்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கொழுந்தியாளின் மகளுக்கு யாரோ ஒரு பொம்மை வீடு கொடுத்திருந்தார்கள். மாடி, படுக்கையறை, திரை போட்ட ஜன்னல் எல்லாம் அதில் உண்டு. சமையலறை மட்டும் வெறும் நாலு சுவர். "அவ பிறந்தநாளுக்கு ஒரு கிச்சன் செஞ்சு குடுங்களேன்" என்று கொழுந்தியாள் தன் இரண்டு அக்காள் வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவைத்தாள். "கடையில வாங்கிடாதீங்க. கையால செஞ்சதா இருக்கணும், இல்ல வீட்டுல கிடைச்சதா இருக்கணும். எது அவளுக்குப் பிடிக்குதோ அதை உள்ள வெச்சுக்கட்டும்."

பேச்சுவாக்கில் சொன்னதுதான். பல் டாக்டர் அதை டெண்டர் அறிவிப்பாக எடுத்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை அவர், டாக்டர் வேறு. ஆனால் இரண்டாவது மாப்பிள்ளையாக ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து சேர்ந்த நாளிலிருந்து, கூட்டமும் சிரிப்பும் அந்த ஆள் உட்கார்ந்த பக்கமே போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்கு, கொழுந்தியாள் மகள் இருவருக்கும் பெயர் சூட்டியிருந்தாள். இவர் பல் பெரியப்பா. அவர் ஜாலி பெரியப்பா. பல்லைக்கூட டாக்டர் பொறுத்துக்கொண்டார். அந்த ஜாலிதான் வயிற்றில் அணையாமல் எரிந்தது.

பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு என்று தீர்மானித்து, வீட்டுச் சமையலறையை டேப் வைத்து அளக்கப் போனார். மனைவி கரண்டியும் கையுமாக ஒதுங்கி நின்றாள்.

"பரவாயில்லையே, கிச்சனுக்கு வழி தெரிஞ்சிருக்கே!"

"அந்தப் பக்கம் தள்ளு. ஷெல்ஃபோட ஆழம் வேணும்."

"ஆழம் என்ன ஆழம், உள்ள கை விட்டுப் பருப்பு டப்பாவை எடுங்க, தானா தெரியும்."

பிறகு கிளினிக்கில் வேலை நடந்தது. பல் அச்செடுக்கும் மாவில் கழுவுதொட்டி வார்த்தார். ஐஸ் குச்சிகளை அறுத்து அலமாரி செய்து, பல் துளைக்கும் ஊசியால் கீலுக்கு ஓட்டை போட்டார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளிகள், டாக்டர் தங்கள் கடைவாயைப் பற்றித்தான் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று நம்பிக் காத்திருந்தார்கள்.

பிறந்தநாள் அன்று அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள். குழந்தை ஒரு அலமாரிக் கதவை இழுத்தாள்.

"மெதுவா, மெதுவா! கீல் போயிடும்."

அவள் மேடையைத் தொட்டாள்.

"பாலிஷ் இன்னும் காயலடா கண்ணு."

குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அதற்குள் சகலை ஒரு பிளாஸ்டிக் பையைத் தரையில் கவிழ்த்தார். தீப்பெட்டி அலமாரி, சென்ட் பாட்டில் மூக்கில் குழாய், தேய்ந்த அழிரப்பரில் ஃப்ரிட்ஜ், மாத்திரை அட்டையில் முட்டைத் தட்டு, சட்டைப் பொத்தானில் சாப்பாட்டுத் தட்டு, பற்பசை மூடியில் முக்காலி. முக்காலி ஃப்ரிட்ஜைவிட உயரம்.

"ஏன் பெரியப்பா இவ்வளவு உசரம்?"

"ஃப்ரிட்ஜ் மேல ஒளிச்சு வெச்ச மிட்டாயை எப்படித்தான் எடுக்கிறதாம்?"

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பொம்மையை முக்காலியில் ஏற்றினாள். கூட்டம் முழுக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் டாக்டர் மட்டும் மியூசியக் காவலாளி மாதிரி நின்றார். காதில் புகை வந்தது.

ஓட்டை ஒன்றாவது கிடைக்காதா என்று, பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கிடைத்தது. பேனா ஸ்பிரிங்கை வட்டமாக வளைத்துச் செய்த அடுப்பு. அதன் வளையத்துக்குள் பாதி புதைந்தபடி ஒரு வெள்ளைப் பானை. மேலே குண்டூசிக் குமிழ் வைத்த மூடி. குழந்தை அந்த மூடியை எடுப்பதும் போடுவதுமாக இருந்தாள்.

"சகலை, கடையில வாங்கக் கூடாதுன்னு பேச்சு" என்றார் டாக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"வாங்கலையே."

"அப்ப இந்தப் பானை?"

"அது... கிடைச்சது."

"எங்க கிடைக்கும் இப்படி? இது பீங்கான். சூளையில வெச்சு எடுத்த சரக்கு. இந்த விளிம்பைப் பாருங்க, ஒரு பிசிறு உண்டா? இந்த வழவழப்பு சாமானியத்துல வராது. நல்ல கைகாரன் வேலை. இதே மாதிரி பொருளோட தினம் புழங்குறவன் நான், எனக்குத் தெரியாதா?"

"விடுங்க சகலை, குழந்தை விளையாட்டு."

"விளையாட்டுன்னாலும் நேர்மை வேணும்ல?"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம இருங்களேன்."

"நீ சும்மா இரு. பொய்யா வித்துப் பழகினவருக்கு இங்கயும் அதே புத்தி."

சிரிப்பு நின்றது. எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கும் சகலை, முதன்முறையாகத் தலையைச் சொறிந்தார்.

"சொல்ல வேணாம்னு பார்த்தேன். வாங்கினது இல்ல சகலை, நீங்க குடுத்ததுதான்."

"நானா?"

"கடைவாய்ப் பல்லுக்கு ஒரு தொப்பி மாட்டி விட்டீங்களே. ஆயுசு பூரா தாங்கும்னீங்க. மறுமாசமே ரொட்டியைக் கடிச்சேன், ரொட்டியோட வந்துடுச்சு. மனசு சங்கடப்படுவீங்களேன்னு சொல்லல. கவுத்துப் பார்த்தேன், பானை மாதிரி இருந்துச்சு."

"எங்க, காட்டுங்க பெரியப்பா" என்றாள் குழந்தை.

சகலை வாயைத் திறந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மாட்டியிருந்ததால் டாக்டருக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. கீழ்வரிசையில், இடது பக்கம், கடைசிக்கு முந்தைய பல் மொட்டையாக நின்றது.