வெள்ளிக்கிழமைச் சட்டி

வண்டிலில் ஏற்றிய கட்டிலை அம்மா நான்காம் முறையாக இறக்கச் சொன்னபோது ஸ்ரெல்லாவின் பொறுமை முழுதாக அறுந்தது. ஒரே வண்டில், ஒரே நடை. இன்னொரு நடைக்குக் கையில் காசில்லை என்று வண்டில்காரன் யாகப்புவிடம் முதலே சொல்லியாகிவிட்டது. கட்டில், மேசை, இரண்டு கதிரை, புத்தகங்கள் நிறைந்த றங்குப்பெட்டி, அம்மி, அதற்குமேல் அம்மா லூர்த்தம்மா விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஓட்டைப் பனையோலைக் கடகங்கள், எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடங்க வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முன் வந்து ஏறிவிட வேண்டும் என்பது புது வீட்டுக்காரியின் கட்டளை. ஸ்ரெல்லாவுக்கு ராகுவையும் தெரியாது, கேதுவையும் தெரியாது. ஆனாலும் ஓடித்தான் ஆகவேண்டும்.

"ஓட்டைக் கடகம் என்னத்துக்கெணை?"

"பொத்தினால் பாவிக்கலாம்."

"ஏழு கடகத்தையுமோ?"

"நீ பி.ஏ. படிச்சனி, எண்ணு. நான் பொத்துறன்."

மீன்பிடிகாரரின் ஊரான குருநகரில் அவர்கள் இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். பதினைந்து நாள் தவணை. பள்ளிக்கூடம் விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்ரெல்லா ஒன்பது வீட்டுப் படலைகளைத் தட்டினாள். ரீச்சர், பி.ஏ. என்றதும் உட்காரக் கதிரை வரும். "எந்தப் பக்கம், பிள்ளை?" என்று கேட்பார்கள். குருநகர் என்று சொன்னபின்னும் கதிரை இருக்கும். வீடுதான் இல்லாமல் போய்விடும். மருமகன் வரப்போகிறார். கூரை ஒழுகுது. கிணறு வத்திப்போச்சு. கார்த்திகை மழையில் முற்றமெல்லாம் வெள்ளம் நிற்க, கிணறு வற்றிய அதிசயத்தை, கோட்டில் வாதாடும் ஒரு அப்புக்காத்தர் அவளுடைய முகத்துக்கு நேரே, கண் இமைக்காமல் சொன்னார். அவள் கொழும்பில் பட்டினி கிடந்து படித்த படிப்பெல்லாம் அந்த முழுப் பொய்யை வாயை மூடிக்கொண்டு கேட்பதற்குத்தான் உதவியது.

பத்தாவது வீடு வண்ணார்பண்ணையில் கனகாம்பிகையின் வீடு. புருஷன் மலாயாவில் ரெயில்வே உத்தியோகம். பாதி வீடு சும்மா கிடந்தது. ஊரைக் கேட்டுவிட்டுக் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கிணத்துக்கு வேறை வாளி பாவியுங்கோ," என்றாள். ஸ்ரெல்லா அதை விழுங்கினாள். "வெள்ளிக்கிழமையிலை மட்டும் வளவுக்குள்ளை மச்சம் மாமிசம் வரப்படாது. மற்ற நாளிலை உங்கடை பாடு."

"நாங்களும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடுறேல்லை," என்றாள் ஸ்ரெல்லா.

"அப்பிடியோ! வேதக்காரரிலும் விரதமிருக்கே!" கனகாம்பிகையின் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே வாருங்கள் என்று அவளே நாளும் குறித்தாள். இறைச்சி தொடாத அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் குருநகரில் கத்தோலிக்க வீடு ஒன்று மிச்சமில்லாமல் மீன் கொதிக்கும் என்பதை ஸ்ரெல்லா சொல்லவில்லை. வீடு கிடைத்த கையோடு அதைச் சொல்ல அவளுக்கென்ன விசரா?

வண்டில் சின்னக்கடைச் சந்தையைத் தாண்டும்போதுதான் அவளுக்கு மீன் மணம் பிடிபட்டது. மாதா சுருவத்தைச் சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வண்டிலுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். அம்மா சாமான்களுக்கு நடுவில், மடியில் துணி கட்டிய சட்டியோடு இருந்தாள்.

"எணை, உதென்ன சட்டி?"

"ஓராக் குழம்பு. அயல் வீட்டுப் பேதுரு விடியப்புறம் மீன் கொண்டுவந்து தந்தவன், புதுவீட்டிலை முதல் சோறு மீனோடை தின்னுங்கோ மாமியெண்டு."

"உனக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லே!"

"அங்கை சமைக்கக் கூடாதெண்டாய். நான் இஞ்சை சமைச்சிட்டன். இனியென்ன?"

"கொட்டெணை, கொட்டு! இந்த வீடும் போச்சுதெண்டால் றோட்டிலைதான் படுக்கவேணும்."

"பொடியன் குளிருக்குள்ளை கழுத்தளவு தண்ணியிலை நிண்டு பிடிச்சதைக் கொட்டிப்போட்டு, அந்தக் கையோடை புதுவீடு போகவோ? உங்கடை வெள்ளி வேறை, எங்கடை வெள்ளி வேறையெண்டு அவளுக்குச் சொல்லன். பள்ளிக்கூடத்திலை வாய் கிழியக் கதைக்கிறாய்."

ஸ்ரெல்லாவுக்கு வந்த கோபத்தில் சுருவத்தைப் போட்டு உடைத்திருப்பாள், மாதா தப்பினாள். சந்தையடியிலிருந்து ஒரு நாய் வண்டிலின் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. கல்லெறிந்தாள். போகவில்லை.

"ரீச்சர், நாய்க்கும் சேத்தோ வண்டில் பிடிச்சனியள்?" என்றான் யாகப்பு.

வண்ணார்பண்ணை ஒழுங்கைக்குள் திரும்பும்போது பத்து மணி தாண்டிவிட்டது. படலை விரியத் திறந்து கிடந்தது. முற்றம் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தது. வாசற்படியில் மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம். தலை முழுகிய ஈரக் கூந்தலோடு, கையில் சிறு விளக்குடன் கனகாம்பிகை நின்றாள். கிணற்றடியில் புத்தம்புது வாளி ஒன்று மினுங்கியது. வேறு வாளி. அவளே வாங்கி, கயிறும் கட்டி வைத்திருக்கிறாள். அதைக் கண்டு நன்றி சொல்வதா, தூக்கி எறிவதா என்று ஸ்ரெல்லாவுக்கு விளங்கவில்லை. வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த கோபத்தை இறக்கிவைக்க இங்கே ஓர் இடமும் இல்லை.

"வாங்கோ, வாங்கோ. இன்னும் நேரங்கிடக்கு," என்று கனகாம்பிகை ஒரு கையை நீட்டினாள். "வெறுங்கையோடை உள்ளிடப்படாது. சோத்துச் சட்டிதான் முதல் போகவேணும். இஞ்சை தாங்கோ, என்ரை கையாலை குசினியிலை வைக்கிறன்."

குருநகரிலிருந்து வாய் மூடாமல் வந்த லூர்த்தம்மா இப்போது வாயை மூடிக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

கத்தரிக்காய் என்று சொன்னால் போதும். வேண்டாம், நாங்களே வைக்கிறோம் என்றாலும் போதும். அப்புக்காத்தரின் வற்றிய கிணறு ஸ்ரெல்லாவின் நினைவில் வந்தது. அந்த இமைக்காத கண்களும் வந்தன.

"அதுக்குள்ளை மீன் கிடக்கு," என்றாள். குரல் தேவைக்கு அதிகமாகவே உரத்துவிட்டது. "எங்களுக்கு வெள்ளிக்கிழமையிலைதான் மீன். அண்டைக்கு நான் பாதிதான் சொன்னனான்."

நீட்டிய கை சட்டிக்கு ஒரு சாண் இப்பால் நின்றது.

யாகப்பு அதற்குள் மேசையைக் கவிழ்த்துத் தலையில் ஏற்றியிருந்தான். நாலு காலும் வானத்தைப் பார்க்க, படலைக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுகொண்டு, "ரீச்சர், இறக்கிறதோ, ஏத்திறதோ?" என்றான்.

ஒழுங்கைப் பக்கமிருந்து மழைக்காற்று ஒன்று எழுந்து வந்தது. கனகாம்பிகை நீட்டிய கையை மெல்ல மடக்கி, விளக்கின் சுடரை அணையவிடாமல் சுற்றிக் குவித்துப் பிடித்தாள்.