காந்தத்தில் ஒட்டிய ஊசி

"பூ வெக்கிற வரைக்கும் காதுமிஷினக் கழட்டி வையிடி தர்ஷினி. ஏதாவது கேட்டா தலைய மட்டும் ஆட்டு. வெக்கம்னு நெனச்சுக்குவாங்க" என்று அம்மா என் பின்னலில் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். திருக்கடையூர்ப் பக்கத்துச் சம்பந்தம், ஆற்றுப்பாசன நிலம், விடக்கூடாதாம். நல்ல யோசனைதான், போங்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வீடு எங்கள் வீடு.

மூன்று வயதில் ஆபரேஷன் செய்து என் தலைத்தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே மாட்டும் மிஷினின் வட்ட வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒயர் கிடையாது. தோலைத் தாண்டிச் சத்தம் உள்ளே போகும். வில்லையை எடுத்துவிட்டால் இடியே விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

அப்படித்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வெற்றிசெல்வன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. போட்டோ பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போன முகம் அது. எதற்கு ஆமாம் சொல்லித் தொலைத்தேனோ!

அவருடைய அம்மா அம்சம் பூ வைக்க எழுந்து வந்தார். பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு மாறமாட்டார்கள். காதுக்குப் பின்னால் ஹேர்பின்னைக் கொண்டுபோனார். அது அவர் கையைவிட்டுத் துள்ளி என் தலையில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினார், மறுபடியும் ஒட்டியது. உள்ளேயும் ஒரு காந்தம் இருப்பதை அம்மா மறந்துவிட்டாள்.

கூடமே எழுந்து நின்றது. ஒழியட்டும் என்று உள்ளே ஓடி மிஷினை மாட்டிக்கொண்டேன். கொல்லைப்பக்க வயலில் அறுப்பு மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை, அவரிடம் நானே பேசிக்கொள்ளலாம்.

அதற்குள் அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கூடத்துக்குள் கால் வைக்கும்போதே அம்சத்தின் குரல் காதில் விழுந்தது.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, இல்லேங்கல. ஆனா நாலு பேர் வந்துபோற வீடுங்க. அத மாட்டிக்கிட்டு நின்னா எங்களுக்கு அசிங்கமில்லையா?"

வெற்றிசெல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்னங்க சம்பந்தி" என்று அம்மா சிரித்தாள். "போடாமயே இருந்துக்குவா. இப்ப இருந்தால்ல? பழகிடும்."

"எனக்குக் கேக்குதும்மா" என்றேன்.

அம்மா எழுந்து வந்து பூச்சரத்தை முன்னால் இழுத்து, வில்லையை மூடி, என் தோளை அழுத்தி அம்சத்தின் முன்னால் உட்காரவைத்தாள்.