ஜாடிக்குள் ஊர்ந்த வண்டு

"போனைக் கீழ வைம்மா, சொல்றேன்ல—"

"கையை எடுங்க பாய்ஜான், மொதல்ல நான்—"

"ஒரு வண்டு! ஒத்த வண்டு! அதுக்குப் போயி ஆபீசரைக் கூப்புடுவாங்களா யாராவது?"

"ஒத்த வண்டு தானா பொறந்துச்சா? அதுக்கு அம்மா அப்பா இல்லையா?"

"அது ஜாடி வண்டு, குர்ஷித். சரக்கு வண்டு இல்ல. நீ ஜாடியைச் சரியா கழுவியிருக்க மாட்ட."

"நானா கழுவல? வெந்நி ஊத்திக் கழுவி, வெயில்ல கவுத்து வெச்சு எடுத்தேன். உங்க டீ கிளாஸை ஒரு நாளாவது அப்படிக் கழுவியிருக்கீங்களா?"

பக்ருதீன் டீ கிளாஸைச் சத்தமில்லாமல் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அண்ணனும் தங்கையும் இப்படி மோதிக்கொண்டது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அவர்களுடைய வேர்க்கடலைக் கிடங்கின் முன்னறையில். இருவருக்கும் நடுவில் மேசை, மேசையின் மேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் கிடந்த கடலைப் பருப்பின் மேல் எள்ளளவு பழுப்பு வண்டு ஒன்று, இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது.

குர்ஷித் பேகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கு ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் மூட்டைகளிலிருந்து ஒரு பிடி பருப்பை எடுத்து ஜாடியில் அடைத்து, வெயில் விழுகிற ஜன்னலில் வைத்துவிடுவாள். போன சரக்கு போய்ச் சேர்ந்தது என்று செய்தி வருகிற வரை ஜாடி அங்கேதான் இருக்கும். போகிற சரக்குக்கு என்ன நேருமோ அது ஜாடிக்கும் நேரும் என்பது அவள் கணக்கு. இத்தனை வருஷமாக எந்த ஜாடியும் அவளைப் பயமுறுத்தியதில்லை.

ஆனால் இத்தனை வருஷமும் அவர்கள் கடலை சென்னை வியாபாரி ஒருவரின் பெயரில்தான் கப்பல் ஏறியது. சொந்தப் பெயரில், மூட்டையின் மேல் 'திருவண்ணாமலை' என்று அச்சடித்து அனுப்புவது இதுதான் முதல் தடவை. மலேசியாவில் கிள்ளான் ஊரில் கடலை வறுத்து விற்கிற விமல்ராஜ் என்பவரைப் பேசிப் பேசிப் பிடித்தவள் குர்ஷித். சரக்கு ஏற்றிய கண்டெய்னர் நேற்றே சென்னைக்குப் போய்க் கப்பலுக்காக நிற்கிறது.

அதனோடு போக வேண்டிய தாவர நலச் சான்றும் நேற்றே போய்விட்டது. மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே விஷ வாயுவான கேஸ் மருந்து போட்டுப் பூச்சியைக் கொன்ற பிறகு, 'இந்தச் சரக்கில் உயிருள்ள பூச்சி இல்லை' என்று அதிகாரி தருகிற அத்தாட்சி அது. வியாபாரிகள் வாயில் அதற்குப் பைட்டோ என்று பெயர். முன்பெல்லாம் அது காகிதம். கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, கைக்கு வந்து, பிறகு கூரியரில் கடல் தாண்ட வேண்டும். ஒருமுறை கப்பல் போய்ச் சேர்ந்தும் காகிதம் சேராமல், துறைமுகத்தில் நின்ற பெட்டிக்குள் கடலை வியர்த்துப் பூஞ்சை பிடித்துப் போனது. அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து குர்ஷித் கம்ப்யூட்டர் பைட்டோவுக்காகத் தவம் கிடந்தாள். இப்போது வேங்கிக்கால் ஆபீசில் அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினால், அக்கரையில் இருக்கிற அதிகாரியின் திரையில் அது போய் நிற்கிறது.

"பேப்பரா இருந்தா என்னா ஆயிருக்கும் தெரியுமா?" பக்ருதீன் விடுவதாக இல்லை. "என் டிராயர்ல கெடந்திருக்கும். பெட்டியைத் திரும்பக் கொண்டாந்து, இன்னொரு தடவை கேஸ் மருந்து போட்டு, அடுத்த கப்பல்ல ஏத்தியிருப்போம். ஈ காக்காக்குத் தெரிஞ்சிருக்காது. உன் கம்ப்யூட்டர் பைட்டோ இருக்கே, நெனைக்கறதுக்குள்ள கடல் தாண்டி உக்காந்துடுச்சு!"

"அதான் நானும் சொல்றேன். நெசம் எவ்ளோ வேகமா போவுதோ, பொய்யும் அவ்ளோ வேகமா போவும். இப்ப அங்க போயி உக்காந்திருக்கறது பொய்."

"நீயா எழுதுன? இல்ல நானா எழுதுனேன்? ஆபீசரம்மா பாத்துட்டுத்தானே குடுத்துச்சு?"

"அவங்க பாத்தப்ப பருப்புக்குள்ள கூட்டுப்புழுவா இருந்திருக்கும். உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியுமா? கேஸ் சரியா போட்டிருந்தா அதுவும் செத்திருக்கணும். கேஸ் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், அவனை மொதல்ல கேக்கறேன். அந்த லைசென்ஸை இன்னிக்கே—"

அவள் எண்ணைத் தேடத் தொடங்கினாள். பக்ருதீன் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அவனை விட்டுடு. அந்த ஆள் மேல தப்பு இல்ல."

"பின்ன?"

"பௌர்ணமி அன்னிக்கு நாந்தான் தார்ப்பாயைப் பிரிச்சேன்."

குர்ஷித் போனைத் தானாகவே கீழே வைத்தாள்.

"மத்தியானத்துலயே கூட்டம் வர ஆரம்பிச்சிடுச்சு. நம்ம சொவத்து நெழல்ல ஒரு குடும்பம் கைக்கொழந்தையோட உக்காந்து கட்டுச்சோத்தைப் பிரிக்குது. மண்டை ஓடு போட்ட போர்டு மேலயே ஒருத்தன் துண்டைக் காயப் போட்டிருக்கான். எழுந்திருங்கன்னா எழுந்தாங்க, அடுத்த கூட்டம் வந்து உக்காந்துச்சு. சாயங்காலம் ஆனா எத்தினி பேரு இங்க சாய்வாங்கன்னு உனக்கே தெரியும். உள்ள இருக்கறது வெஷம். எங்கனா கசிஞ்சா? வயல் பக்கத்துக் கதவைத் தொறந்து, தார்ப்பாய் மூலையில இருந்த மணல் மூட்டைய நவுத்திட்டேன். காத்து அந்தப் பக்கம்தான் அடிச்சுது. விடிஞ்சதும் பழையபடி வெச்சுட்டேன்."

"மூஞ்சியில என்னா கட்டியிருந்தீங்க?"

"துண்டு."

"துண்டா! யா அல்லா! அந்தக் கேஸுக்குத் துண்டு கட்டிக்கினு போனீங்களா? அங்கயே விழுந்திருந்தா?" அவள் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்பவும் பௌர்ணமியைத் தள்ளித்தானே கேஸ் போடுவோம்? கப்பல் தேதி முந்திடுச்சு, பரவால்ல போடுங்கன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்," என்றாள் குர்ஷித். அவள் ஜாடியைத் தன் பக்கம் இழுத்தாள். வண்டு சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

"இப்ப ஆபீசரைக் கூப்புடவா?"

பக்ருதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கூப்பிட்டாள்.

அதிகாரி சந்திரகலா வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தோளில் லேப்டாப் பை. ஜாடியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு பக்ருதீன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"பாய், உங்களைத் திட்டறதா கும்பிடறதான்னே எனக்குத் தெரியல."

"திட்டிடுங்க மேடம், அது பழக்கம்தான்," என்று தங்கையைக் காட்டினார் அவர்.

"அந்த கேஸை நீங்க தொடவே கூடாது. ஒரு போன் பண்ணியிருந்தா நானே ஆளை அனுப்பித் தொறக்கச் சொல்லியிருப்பேன், இன்னொரு நாள் போட்டிருக்கலாம். சரி. சனங்க மேல அக்கறைல செஞ்சீங்க. ஆனா கூட்டுப்புழு பொழச்சிடுச்சு."

"சான்றைத் திரும்ப வாங்க முடியுமா?" என்று குர்ஷித் கேட்டாள்.

"வாங்கலாம். பேப்பரா இருந்தா நீங்க கொண்டாந்து குடுக்கணும். நீங்க குடுக்கலன்னா எனக்குத் தெரியவே தெரியாது. இதை நானே ரத்து பண்ணலாம். ஆனா அங்க இருக்கற ஆபீசருக்கும் தெரியும். நேத்து ஆமான்னு சொன்னவ இன்னிக்கு இல்லன்னு சொல்றான்னு."

பக்ருதீன் மேசையை நெருங்கினார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. காரணம்னு ஒண்ணு எழுதுவீங்கல்ல? மூட்டை எடை மாறிப்போச்சுன்னு போட்டுடுங்களேன். உங்களுக்கும் கெட்ட பேரு இல்ல, எங்களுக்கும் இல்ல."

"பாய்ஜான்!"

"இரும்மா. இவங்க வேலையும் பாக்கணும்ல? புது சிஸ்டம். வந்ததும் வராததுமா ரத்து பண்ணா மேலிடத்துல கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க," என்றார் சந்திரகலா. "எங்க ஆபீஸ்ல இதுதான் மொத ரத்து. என்னாத்தைப் பாத்துக் குடுத்தேன்னு கேப்பாங்க. போயி பதில் சொல்லுவேன்." லேப்டாப்பைத் திறந்து, கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடுவதற்கான, பென்டிரைவ் போலிருந்த தன் சாவியைச் செருகினார். "நேத்து அனுப்பறப்ப என் பேருதான் போச்சு, பாய். இன்னிக்குத் திரும்ப எடுக்கறப்பவும் என் பேருதான் போவணும்."

அதைச் சொன்ன விதத்தில் வீறாப்பு இல்லை. 'கதவைச் சாத்திடுங்க, தூசி வருது' என்று சொல்வதுபோல் சொன்னார். பக்ருதீனுக்கு அதுதான் எங்கேயோ போய்த் தைத்தது. எத்தனையோ முத்திரைகளையும் கையெழுத்துகளையும் பார்த்தவர் அவர். எதற்கு முன்பும் இப்படிக் கை கட்டி நின்றதில்லை.

சந்திரகலா ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, அவர்களுக்காகத் தமிழில் சொன்னார். "உயிருள்ள வண்டு இருப்பதை ஏற்றுமதியாளர் தாமே கண்டு தெரிவித்ததால் இந்தச் சான்று ரத்து செய்யப்படுகிறது. சரக்கு மறுபடியும் மருந்திடப்படும்."

"தாமேன்னு எதுக்கு மேடம்?" என்றாள் குர்ஷித்.

"அதுதானேக்கா நடந்துச்சு? நீங்க சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்? அதை விட்டுட்டா பாதி பொய்."

பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வரி சிவப்பானது.

"அவ்ளோதானா?" என்று கேட்டார் பக்ருதீன்.

"அவ்ளோதான் பாய். பெட்டியைக் கப்பல்ல ஏத்தாதீங்கன்னு சென்னைக்குச் சொல்லிடுங்க. மருந்தை அங்கயே போடலாம். அங்க யாரும் சொவத்துல சாய மாட்டாங்க."

முதல்முறையாக மூவரும் சிரித்தார்கள். குர்ஷித் சென்னைக்குப் பேசி வைத்ததும், நாற்காலிக்கு அடியிலிருந்த டீ கிளாஸை எடுத்துக் கழுவக் கிளம்பினாள். கழுவப் போனவளைப் போன் கூப்பிட்டது. திரையில் விமல்ராஜ் பெயர். அவள் ஒலியை எல்லாருக்கும் கேட்கும்படி திறந்தாள்.

"என்னக்கா இது? இங்க நம்ம ஏஜெண்டு கூப்புடறாரு. நேத்து வந்த சான்று இன்னைக்கு ரத்துன்னு காட்டுதாம். நான் புதுக் கடைய தொறக்கணும்லா! இன்னொருத்தர் சரக்கை வெச்சுக்கிட்டு இப்பவே தரேங்கறாரு. நான் என்ன சொல்றது அவருகிட்ட?"

"தம்பி, சரக்குல உயிரோட வண்டு இருக்கு. நாங்களே பாத்தோம். நாங்களே சொல்லி ரத்து பண்ண வெச்சோம். மறுபடியும் மருந்து போட்டு, ஆபீசர் மறுபடியும் பாத்து, அப்புறம்தான் அனுப்புவோம். எங்க பக்கம்தான் தப்பு—"

பக்ருதீன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நான் பக்ருதீன், குர்ஷித்தோட அண்ணன். தப்பு என்னுது, அவளுது இல்ல. மறைச்சிடலாம்னு சொன்னவனும் நாந்தான். மூட்டை மேல எங்க ஊர் பேரு இருக்கு, அது வண்டோட உங்க ஊருக்கு வரக்கூடாதுன்னு நின்னவ அவ. இப்ப சொல்லுங்க, அடுத்த கப்பல் வரைக்கும் அவளுக்காகக் காத்திருப்பீங்களா?"