கறுப்புக் கோட்டில் வெள்ளைத் தூள்

1

இந்தக் கதையை என் தையல்காரரிடமிருந்து திருடினேன். தோல் மருத்துவர் ஒருவர் கேட்டது விழிப்புணர்வுக் கதை. முடிவில் நம்பிக்கை பிறக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. எழுதிப் பார்த்தேன்:

[அவர் முகத்தில் சொல்லொணாச் சோகம் குடிகொண்டிருந்தது. வானமும் அவரோடு சேர்ந்து—]

வானத்துக்கு வேறு வேலை இருக்கிறது. தையல்காரருக்கும்தான்.

2

எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் அவருக்குப் பதினொரு வருடமாகச் சோரியாசிஸ். முழங்கை, தலை, இப்போது விரல் கணுக்களும். ஒரு மாதம் எடுத்து நிதானமாக வளர வேண்டிய தோல், நாலைந்து நாளில் அவசரப்பட்டு வளர்ந்து செதிலாக உதிர்கிறது. மருந்துக்கு அடங்கும், மறுபடி தலைதூக்கும். தொற்றாது. (அடிக்குறிப்பு: இது தெரிந்தும், ஒருமுறை அவரிடம் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியவன்தான் இதை எழுதுகிறேன்.)

வெட்டும் மேசையில் உதிர்ந்ததை யாராவது உற்றுப் பார்த்தால், "சாக்பீஸ் தூள் சார்" என்று ஊதிவிடுவார். வேறெந்தத் தொழிலிலும் கிடைக்காத வசதி. கறுப்புத் துணியோடு வருகிறவர்களை மட்டும் நைச்சியமாகப் பேசிச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிடுவார். பித்தான் தைக்கும் மனைவி ஒருநாள் சொன்னாள்: "உங்க புண்ணியத்துல பாதி ஊரு சாம்பல் பூசிக்கிட்டுத் திரியுது."

3

கறுப்புத் துணியோடு வந்த ஒரு கல்லூரி முதல்வர் மட்டும் சாம்பலுக்கு மாறவில்லை. விருது வாங்கப் போகிறவர்; கறுப்புதான் கம்பீரமாம். கோட்டு பிடித்துப்போனால் கல்லூரிச் சீருடை மொத்தமும் இந்தக் கடைக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். கடை தள்ளாடிக்கொண்டிருந்த வருடம் அது.

போட்டுப் பார்க்க வந்த அன்று, முதல்வர் கண்ணாடி முன் நின்று ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'அடியேன்' என்ற இடத்தில் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்ததால், மாஸ்டர் மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று. தோளில் குண்டூசி குத்திவிட்டு அவர் நிமிர்ந்தபோது, கறுப்பின் மேல் வெள்ளையாகத் தூள்.

"என்ன மாஸ்டர் இது?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் செதில் எது, சாக்பீஸ் குறி எது என்று குழம்பிவிடக் கூடாதென்று அன்றைக்கென்று பார்த்து மஞ்சள் சாக்பீஸால் குறித்திருந்தார். தன் பொய்யைத் தானே வெட்டிப் போட்டிருந்தார்.

[இங்கே முதல்வரைக் கண்கலங்க வைத்து, மாஸ்டரைக் கட்டித் தழுவ வைத்தேன். மருத்துவருக்குப் பிடிக்கும். ஆனால் தோள் முழுக்கக் குண்டூசி என்பதால்—]

மனைவியின் தையல் இயந்திரம் நின்றது.

"என் தோல் சார்," என்றார் மாஸ்டர். "சோரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. தட்டினா கோட்டுலேர்ந்து போயிடும், என்னைவிட்டுப் போகாது. தோள் சரியா உக்காந்திருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

4

முதல்வர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. அவரை நல்லவராக்கினால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். கெட்டவராக்கினால் அதைவிட நிம்மதியாக.

அதனால் அவரைக் கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். கோட்டு இப்போது உங்கள் மேல். இடது கையின் நீளம் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் மணிக்கட்டைப் பிடிக்க மாஸ்டர் கை நீட்டுகிறார்.