நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

அன்று மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், வெண்பலகைக்கு முதுகைக் காட்டியபடி மயக்க மருந்து டாக்டர் ஷாந்தினி. அவருக்கு வலப்பக்கம், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த புள்ளிவிவரக்காரர் பிரேமகுமார். இடப்பக்கம் எலும்பு வார்டுத் தாதி, கஸ்தூரி மிசி. கறிபாப் பலகாரத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உட்கார்ந்தார். கதவோரம், பிரிண்டருக்குப் பக்கத்து நாற்காலியில், வீரமுத்து.

மேசையைச் சுற்றி இன்னும் ஆறு நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் இருபத்தாறு வருடமாக அந்த மருத்துவமனையில் நோயாளிகளை டிராலியில் தள்ளுகிறவர் கூட்ட அறைக்குள் வந்ததெல்லாம் நாற்காலி அடுக்கத்தான். உட்கார வந்தது அன்றுதான்.

"அண்ணே, பிரிண்டருக்குக் காவலா? இங்க வாங்க லா" என்றார் கஸ்தூரி.

"இருக்கட்டும் மிசி. யாராவது கூப்பிட்டா எழுந்து ஓட இதுதான் சுலபம்."

"இன்னிக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. நாங்கதான் கூப்பிட்டிருக்கோம்" என்றார் ஷாந்தினி. சிரிக்கத்தான் செய்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மேசை நடுவில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடந்தது. வீரமுத்துவின் நோட்டு. எலும்பு அறுவைக்கு அவர் தள்ளிக்கொண்டு போன ஒவ்வொரு நோயாளியும் வார்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார், ஓ.டி. என்கிற அறுவை அறைக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தார், இடையில் குளிர்ந்த நடைக்கூடத்தில் எத்தனை நிமிடம் கிடந்தார், தாமதத்துக்குக் காரணம் என்ன என்று எட்டு மாதம் எழுதியது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. நடைக்கூடத்தில் வயசாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்து, அவராகத் தொடங்கியது. தற்செயலாக அதைப் பார்த்த ஷாந்தினிதான் முறைப்படி அனுமதி வாங்கி, அதை ஓர் ஆய்வாக்கினார். நாற்பது நிமிடத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் உடம்பு சில்லிட்டே உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் பிறகு புண் அதிகம் சீழ் பிடித்திருக்கிறது. இந்த முடிவைக் காட்டித்தான் இரண்டு அறுவை அறைக்கும் சேர்த்து டிராலி தள்ள ஒரே ஆள் என்றிருந்த இடத்தில் இரண்டாவது ஆளை வாங்கினார்கள், மூன்று மாதச் சோதனையாக. கட்டுரையும் நோட்டின் நகலும் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குப் போயின. ஆசிரியர் வரிசையில் நாலாவது பெயர்: வீரமுத்து.

இப்போது சஞ்சிகையிலிருந்து கேள்வி வந்திருந்தது.

"வாசிக்கிறேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று ஷாந்தினி தாளை எடுத்தார். "இந்த நோட்டில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வேலை நேரத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. பிற்பாடு உட்கார்ந்து உண்டாக்கியதோ என்று ஐயம் எழுகிறது. இதான் சாரம். நம்ம நாட்டு நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பிட்டாங்க. ரெண்டு வாரத்துல அந்தக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்ட விளக்கம் தபால்ல வரணுமாம். இல்லாட்டி ஆய்வையே ரத்து பண்ணிருவாங்க. ரெண்டாவது ஆளும் போயிருவாரு."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் கஸ்தூரி. "கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதி வச்சிருக்காரு. ஓ.டி. வாசல்ல நின்னு யாராவது இப்படி எழுதுவாங்களா?"

வீரமுத்துவுக்குக் காது சூடேறிற்று. அவர் கையெழுத்தைப் பார்த்துப் பாராட்டியவர்கள் உண்டு. கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. நில அலுவலகத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயில் நிர்வாகத்துக்கு என்று காஹாங் வட்டாரத்தில் அவர் எழுதிக் கொடுத்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கையெழுத்து சந்தேகத்துக்கு ஆளானது இதுதான் முதல் தடவை.

பிரேமகுமார் தொண்டையைச் செருமினார். "ஒரு வழி இருக்கு. நோட்ட விட்டுருவோம். கம்ப்யூட்டர்ல மிசிங்க பதிவு பண்ற நேரம் இருக்குல்ல? அத வச்சு மறுபடி கணக்குப் போடலாம்."

"கம்ப்யூட்டரா?" கஸ்தூரி கறிபாப்பைக் கீழே வைத்தார். "சார், உண்மையச் சொல்லிர்றேன். கை ஒழிஞ்சப்பத்தான் நாங்க அதுல தட்டுவோம். பத்து, பத்தேகால், பத்தரை. பத்து பதினேழுன்னு ஒண்ணு நீங்க காட்டினா உங்களுக்கு நான் ரெண்டு தட்டு கறிபாப் வாங்கித் தரேன்."

பிரேமகுமார் திரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். கறிபாப் கேட்கவில்லை.

பிறகு நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினார். "அண்ணே, நேரா கேக்கிறேன். இத அப்பப்ப எழுதினீங்களா, அப்புறமா எழுதினீங்களா?"

"அப்பப்ப எழுதினத, அப்புறமா எழுதினேன் சார்."

"அப்படின்னா?"

"இது சுத்த நோட்டு. வேலை நேரத்துல கிறுக்கினது வேற. பள்ளிக்கூடத்துலேருந்து அப்படித்தான் பழக்கம். கிறுக்கினத அடுத்தவங்க கண்ணுல காட்டறதா?"

அறையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். "அந்தக் கிறுக்கல் எங்க?" என்றார் ஷாந்தினி. "தூக்கிப் போட்டுட்டீங்களா?"

தேதி போட்ட காகிதம் எதையும் வீரமுத்து தன் ஆயுளில் வீசியதில்லை. காலியான கையுறைப் பெட்டிகளைக் கிழித்து, அந்த அட்டையில்தான் எழுதுவார். ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை. எல்லாம் லாக்கரில், பிஸ்கட் டின்களில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த டின்களுக்குள் யாரும் பார்க்கக் கூடாத ஓர் அட்டை இருந்தது.

"அரை மணி நேரம் கொடுங்க டாக்டர்" என்று எழுந்தார்.

*

லாக்கர் அறை தரைத்தளத்தில். மூன்று டின்களையும் பெஞ்சில் வைத்துத் திறந்தார். காயம் கட்டும் துணியால் மாதவாரியாகக் கட்டிய கட்டுகள். தேடத் தேவையில்லை, எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். மார்ச் மாதக் கட்டில், மேலிருந்து ஒன்பதாவது.

மெர்சிங்கிலிருந்து வந்த பாக் சமாட்டின் அட்டை. படகுத்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மலாய்க் கிழவர். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'வார்டு 11.05. ஓ.டி. 12.16. நான் தூங்கிட்டேன்.'

அன்று காலை வேலைக்கு வரவேண்டியவனுக்குக் காய்ச்சல். இரவு முழுதும் நின்ற வீரமுத்து காலையிலும் நின்றார். பாக் சமாட்டை நடைக்கூடத்தில் விட்டு, சுவரில் சாய்ந்தவர், அறுவை அறையிலிருந்து கத்திக் கூப்பிட்டபோதுதான் விழித்தார். எழுபத்தோரு நிமிடம். பெரியவருக்குப் புண் பிரிந்து, பதினோரு நாள் கூடுதலாகக் கிடந்தார். அந்தப் பதினோரு நாளும் வேலை முடிந்ததும் வீரமுத்து அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வெயில் படும் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போவார். வீட்டுக்குப் போகும் நாளில் தாங்கமாட்டாமல் மலாயில் சொல்லிவிட்டார்: "பாக், அன்னிக்கு நான் தூங்கிட்டேன்."

"தெரியுமே" என்றார் கிழவர். "குறட்டை விட்டியே."

"அலமாக், எழுப்பியிருக்கலாமே பாக்!"

"உன் முகத்தப் பாத்தேன். பாவம்னு விட்டுட்டேன்."

நோட்டில் மட்டும் அந்த வரியை எழுத அவருக்குக் கை வரவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'ஆள் பற்றாக்குறை' என்று அழகாக எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு வரியில் அந்த ஒரு வரிதான் அவர் மாற்றியது. அன்றிலிருந்து நோட்டைப் பிரிக்கும்போதெல்லாம் மார்ச் பக்கத்தைச் சீக்கிரம் தள்ளிவிடுவார்.

இப்போது அந்த அட்டையை மட்டும் உருவிச் சட்டைப்பைக்குள் வைத்தால் போதும். ஒன்று காணோம் என்றால், எட்டு மாதத்தில் ஒன்று தொலையாதா? யாரும் கேட்கமாட்டார்கள்.

அட்டையை உருவிக் கையில் எடுத்தார். நோட்டு பொய் என்று எவனோ எழுதிவிட்டானே என்று மேலே காது சூடேறியது நினைவுக்கு வந்தது. இதை எடுத்துவிட்டால் அவன் எழுதியது சரியாகிப் போகும். ஒரு வரியளவுக்காவது.

அட்டையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, டின்களை மூடாமலே தூக்கிக்கொண்டு படியேறினார்.

*

"மொதல்ல இத வாசிங்க டாக்டர். மத்தது அப்புறம்."

ஷாந்தினி வாசித்தார். நோட்டில் அந்தத் தேதியைப் புரட்டினார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்தி எழுதியிருக்கீங்க."

"ஆமா டாக்டர். வெக்கமா இருந்துச்சு. இது ஒண்ணுதான். நம்பாட்டி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாருங்க."

கஸ்தூரி அதற்குள் ஒரு கட்டை அவிழ்த்துவிட்டார். மேசையெல்லாம் அட்டை: அயோடின் கறை, அடித்தல், தமிழும் மலாயுமாகக் கலந்த கிறுக்கல், ஓரிடத்தில் யாருடைய இரத்தமோ. "இதுதான்யா வேலை நேரத்துல எழுதினது!" என்று கூவினார். "இந்த அழகானதையா மறைச்சு வச்சிருந்தீங்க?"

பிரேமகுமார் ஒவ்வொன்றாக எடுத்து நோட்டோடு ஒத்துப் பார்த்தார். பத்து, இருபது, நாற்பது. நிமிடம் பிசகவில்லை. திடீரென்று நிறுத்தினார்.

"அண்ணே, மூலையில 'இ+கா'ன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"இரவு வேலை முடிஞ்சு காலையிலும் நின்ன நாள் சார்."

"நோட்ல அது இல்லையே?"

"அது எங்க வேலைச் சங்கதி. நோயாளி சங்கதி இல்லையேன்னு விட்டுட்டேன்."

ஷாந்தினி பேனாவைக் கீழே வைத்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரும் யாருக்கும் சொல்லாமலே எழுந்து அட்டைகளை இரண்டாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள்: 'இ+கா' இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். வீரமுத்துவும் பிரிண்டர் பக்கத்து நாற்காலியை விட்டு வந்து மேசையருகே நின்றார். முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. கறிபாப்பை எல்லாரும் மறந்தே போனார்கள்.

'இ+கா' எழுபத்தொன்பது. மற்றது முந்நூற்று முப்பத்து மூன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தொரு பேர் அந்தச் சின்னக் குவியலில் இருந்தார்கள்.

"அலமாக்" என்றார் பிரேமகுமார், மெதுவாக. "நாம குளிரப் பத்தி எழுதினோம். இது தூக்கத்தப் பத்தியும்தான். இந்த மாதிரி கணக்கத்தான் நாடு நாடா தேடறாங்க. இவரு பிஸ்கட் டின்ல வச்சிருக்காரு!"

ஷாந்தினி மேலே இருந்த பாக் சமாட்டின் அட்டையைத் தொட்டார். அதன் மூலையிலும் 'இ+கா' இருந்தது. "அண்ணே, ஆள் பற்றாக்குறைன்னு நீங்க எழுதினது பொய்யும் இல்ல. ஆள் இருந்திருந்தா நீங்க வீட்ல தூங்கியிருப்பீங்க. அப்படியே இருக்கட்டுமே? தூங்கினேன்னு எழுதினா நிர்வாகத்துல விளக்கம் கேப்பாங்க. கோப்புல ஏறும்."

வீரமுத்து தலையசைத்தார். "கேக்கட்டும் டாக்டர். எனக்குப் பதில் எழுதத் தெரியும்."

கஸ்தூரிதான் முதலில் சிரித்தார்.

*

நெறிமுறைக் குழுவுக்குப் போகும் கடிதம் மலாயில் இருக்க வேண்டும். ஷாந்தினி இங்கிலீஷில் எழுதி மொழிமாற்ற உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் மடிக்கணினியை வீரமுத்துவின் பக்கம் தள்ளினார். "எனக்கு இது சூசா, ரொம்பக் கஷ்டம். நீங்களே எழுதுங்க."

வீரமுத்து கணினியைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்தார். "மொதல்ல கிறுக்கிக்கிறேன்" என்றார். இந்தத் தடவை எல்லாரும் பார்க்கவே கிறுக்கினார். அரசாங்கக் கடிதத்தில் முதல் பத்திக்கு எண் கிடையாது, இரண்டாவதிலிருந்துதான் எண் போட வேண்டும் என்று சொன்னபோது, எட்டு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பேரும் "அப்படியா?" என்றார்கள்.

இரண்டாம் பத்தி, அட்டைகள் எப்படி எழுதப்பட்டன, நோட்டு எப்படிப் பார்த்தெழுதப்பட்டது என்பது. மூன்றாம் பத்தி, இரட்டை வேலை நாட்களின் கணக்கு. நான்காம் பத்தியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றே வரி: மார்ச் மாதத்தில் ஒரு நோயாளி எழுபத்தோரு நிமிடம் காத்திருந்ததற்குக் காரணம் நான் தூங்கியது, அப்போது நான் பதினைந்து மணி நேரம் தொடர்ந்து வேலையில் இருந்தேன், நோட்டில் இதை மாற்றி எழுதியவன் நானே. வாசித்த பிரேமகுமார், திருத்த ஒரு சொல்கூட இல்லை என்றார்.

தட்டச்சு செய்து நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அட்டைகளின் நகல்கள் போகும், அட்டைகள் போகாது. அதில் வீரமுத்து கண்டிப்பாக இருந்தார். கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து, தேதி போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உறையில் பெறுநர் முகவரியை எழுதிவிட்டு, இடது மூலைக்கு வந்ததும் பேனா நின்றது. "அனுப்புநர்ல உங்க பேரு போட்டுரட்டுமா டாக்டர்?"

"கேள்வி யாரு நோட்டப் பத்தி?" என்றார் ஷாந்தினி.

வாழ்நாளில் எத்தனையோ உறை எழுதியிருக்கிறார். அந்த மூலையில் எப்போதும் வேறு யாருடைய பெயராவதுதான் இருக்கும். வீரமுத்து என்று எழுதினார். அடியில் தன் வேலையின் பெயரையும் முழுதாக, சுருக்காமல் எழுதினார். எழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. பரவாயில்லை என்று விட்டார்.

தபால் நிலையம் மூட இருபது நிமிடம் இருந்தது. சீருடையோடு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினார். முகப்பிலிருந்த மலாய்ப் பெண் எடை பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டாள்.

"ஆய்வு" என்றார் வீரமுத்து. "எங்க ஆய்வு."

அவள் தலையாட்டிவிட்டுப் பசை நாடாவை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லி, உறையின் பசை பூசிய வாயைத் தானே மடித்து, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். அவள் முத்திரை குத்தி, பின்னாலிருந்த பைக்குள் போட்டாள்.